அரை மைக்ரோமோல் வேறுபாடு: ஹோமோசிஸ்டீனையும் அனுசேபக் கூட்டறிகுறியையும் யாழ்ப்பாணத்தில் வைத்து வாசித்தல்

குருதியில் ஹோமோசிஸ்டீன் உயர்வதை அனுசேபக் கூட்டறிகுறியின் ஆறாவது உறுப்பாகச் சேர்க்க வேண்டும் என்ற கருத்து நெடுநாளாக முன்வைக்கப்பட்டு வருகிறது. இன்சுலின் எதிர்ப்பே இந்த உயர்வுக்குக் காரணம் என்பது அதன் அடிப்படை. யாழ் குடாநாட்டைப் பொறுத்தவரை அதை ஏற்பதற்கில்லை. இங்கே ஹோமோசிஸ்டீன் அளவு முதலில் காட்டுவது விற்றமின் பி12இன் நிலையையும், சிறுநீரகத்தின் நிலையையும், நோயாளி விழுங்கும் மாத்திரையையும்தான்.

அக்கருத்துடையோர் பெரிதும் சார்ந்திருப்பது 2001இல் வெளியான ஃபிரமிங்ஹாம் வழித்தோன்றல் ஆய்வை. 2,214 பேரிடம் எடுத்த அளவீடு அது. கூட்டறிகுறியின் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கூறுகள் உள்ளவர்களின் சராசரி லீற்றருக்கு 9.9 மைக்ரோமோல், ஒரு கூறு மட்டும் உள்ளவர்கள் அல்லது எதுவுமே இல்லாதவர்களின் சராசரி 9.3. வயது, பால், கிரியற்றினின், பி12, போலேற்று ஆகியவற்றுக்குச் சரிசெய்த பின்னும் இந்த வேறுபாடு நின்றது. கணக்கில் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் வேறுபாடு 0.6 மைக்ரோமோல் மட்டுமே. வழமையான அளவின் மேல் எல்லையாக 15 மைக்ரோமோலைக் கொள்கிறோம். இரு குழுக்களின் சராசரியும் அதற்கு வெகு கீழே நிற்கின்றன.

இந்த 0.6இன் பருமனை நெடுந்தீவில் வைத்துப் பார்க்கலாம். குருதியை எடுத்த பின்னரும் செங்குழியங்கள் ஹோமோசிஸ்டீனை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். பனிக்கட்டியில் வைத்து விரைவில் மையநீக்கம் செய்யாவிட்டால், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 10 வீதம் கூடும். நெடுந்தீவில் எடுத்த குழாய் படகேறிக் குறிகாட்டுவான் இறங்குதுறையை அடையவே ஒரு மணித்தியாலம் ஆகும். அதன்பின் புங்குடுதீவு, வேலணை, பண்ணைத் தாம்போதி என்று தரைவழி இருக்கிறது. உண்மை அளவு 9.3 ஆக இருந்த ஒருவருக்குப் படகுப் பயணம் மட்டுமே ஃபிரமிங்ஹாம் வேறுபாட்டை விஞ்சிய உயர்வைத் தந்துவிடும். பெரிய மாதிரியில் இவ்வழு சமனாகிவிடும் என்பார்கள். ஆகாது. கடற்றொழில் செய்யும் தீவகத்தவரின் உடலுழைப்பும் நகரத்து அலுவலரின் உடலுழைப்பும் ஒன்றல்ல. ஆய்வுகூடத்துக்கான தூரமும் இடுப்புச் சுற்றளவும் இங்கே ஒன்றோடொன்று பிணைந்தவை. அதனால் வழு ஒரு பக்கமாகவே சாயும்.

பி12க்குச் சரிசெய்துவிட்டதாகச் சொல்வதிலும் சிக்கல் உண்டு. மொத்த பி12 அளவு இழையங்களில் உள்ள பற்றாக்குறையைச் செம்மையாகக் காட்டுவதில்லை. மீதைல்மலோனிக் அமிலம்தான் அதைக் காட்டும். அதே 2001இல் புனேயில் 204 பேரிடம் செய்த ஆய்வில் 77 வீதமானோருக்கு ஹோமோசிஸ்டீன் 15ஐத் தாண்டியிருந்தது. போலேற்றுக் குறைபாடு அங்கே அரிது. பி12 குறைபாடே காரணமாகத் தெரிந்தது. புனேயின் முடிவை அப்படியே இங்கு பெயர்க்கவும் முடியாது. நண்டும் இறாலும் மீனும் இட்டு ஒடியல் கூழ் காய்ச்சும் வீடும், தலைமுறைகளாகச் சைவ உணவு மட்டும் உண்ணும் வீடும் ஒரே ஒழுங்கையில் இருக்கின்றன. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் காய்ச்சாத வீடுகள் பல. அந்நாட்களில் 'கடந்த மாதம் என்ன உண்டீர்கள்' என்று கேட்கும் வினாக்கொத்து, மீன் உண்பவரையும் சைவ உணவுக்காரராகப் பதிந்துவிடும். அவர் ஈரலிலோ பல ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பில் இருக்கும்.

இன்னும் வெளிப்படையான காரணி நீரிழிவு மருந்தான மெற்போர்மின். நீண்டகாலம் உட்கொள்பவர்களுக்கு அது பி12 உறிஞ்சலைக் குறைக்கிறது. கூட்டறிகுறி உள்ளோர் என்று நாம் பிரிக்கும் குழுவில் நீரிழிவுக் கிளினிக்குக்கு வருவோர் திரண்டிருப்பர். மருந்து உண்டாக்கிய உயர்வை நோயின் உறுப்பாக எழுதிவைப்பது, நோயாளிக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

மரபணுவைக் காரணம் காட்டுவோருக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. எம்டிஎச்எப்ஆர் மரபணுவின், ஹோமோசிஸ்டீனை உயர்த்தும் 677 டிடி வடிவம் தென்னாசியரிடம் குறைவு. இன்சுலின் எதிர்ப்பு ஈரலின் நொதியங்கள் வழியாகச் சிறிதளவு பங்களிக்கக்கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் அப்பங்கைத் தனியே பிரித்துக் காட்டும் பொறுப்பு அதை வலியுறுத்துவோருடையது. ஹோமோசிஸ்டீனைக் குறைப்பதால் விளைவது என்ன என்ற கேள்விக்கு 2006இல் ஹோப்-2 ஆய்வு 5,522 பேரை வைத்துப் பதில் தந்தது: விற்றமின்கள் அளவைக் குறைத்தன, இதய நோயால் வரும் மரணமும் மாரடைப்பும் குறையவில்லை. பக்கவாதம் ஓரளவு குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இலங்கை வளர்ந்தோரில் கூட்டறிகுறி 24.3 வீதம் என்று நாம் மேற்கோள் காட்டும் தேசிய ஆய்வு, ஒன்பதில் ஏழு மாகாணங்களில் மட்டுமே நடந்தது. போர்ச் சூழலால் வடக்கும் கிழக்கும் விடுபட்டன. அந்த இலக்கத்தில் யாழ்ப்பாணம் இல்லை. ஆகவே குடாநாட்டில் ஹோமோசிஸ்டீனை அளக்க முற்படும் ஆய்வாளர்கள் ஒவ்வொரு மாதிரிக்கும் குருதி எடுத்த நேரத்தையும் மையநீக்கம் செய்த நேரத்தையும் பதிய வேண்டும். மெற்போர்மின் எத்தனை ஆண்டுகள், எந்த அளவில் என்பதைக் கேட்க வேண்டும். மீதைல்மலோனிக் அமிலத்தையும், சிறுநீரகத்தின் நிலையை அறிய சிஸ்டற்றின் சியையும் உடன் அளக்க வேண்டும். அவ்வளவுக்கு நிதி இல்லாத இடத்தில், மெற்போர்மின் உட்கொள்வோருக்கு பி12 பார்ப்பதே முதற் செலவாக இருக்கட்டும். குறைபாடு தெரிந்தால் அதற்கு ஊசியும் மாத்திரையும் இருக்கின்றன.