சிலந்தி தந்த அனுமதி: தரந்தெல்லா ஆட்டத்தின் தோற்றம் குறித்து

தரந்தெல்லா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நேப்பிள்ஸ் நகரத்துக் காதலாட்டம். விரைந்த தாளத்துக்கு ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் சுற்றிவரும் அந்த ஆட்டத்தை ரோசினியும் ஷோபினும் மேடையிசை ஆக்கினார்கள். ஆனால் இத்தாலியின் தென்கிழக்கு முனையான சலெந்தோவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த பிட்சிகா ஆட்டம் நோய் தீர்க்கும் சடங்காகவே நெடுங்காலம் நின்றது. தரந்துலா என்னும் சிலந்தி கடித்தவர், வயலினும் கஞ்சிராவை ஒத்த தாம்புரெல்லோவும் முழங்க, நாள்கணக்கில் ஆடினால்தான் பிழைப்பார் என்று மக்கள் நம்பினார்கள். இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விஷம், மனநோய், பண்டைக் கடவுள் என மூன்று விடைகள் வழக்கில் உள்ளன. இம்மூன்றையும்விடச் சடங்கின் சமூகப் பயனே சான்றுகளோடு நன்கு பொருந்துகிறது. துயரத்தை வெளியில் சொல்ல வழியற்றவர்களுக்கு ஊரறிய ஆடும் உரிமையைச் சிலந்திக்கடி தந்தது. ஆட்டம் அந்த உரிமையைச் சுற்றி வளர்ந்தது.

முதலில் விஷத்தைப் பார்ப்போம். 1362ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நஞ்சுகள் பற்றிய லத்தீன் நூல் ஒன்று, தரந்துலா கடிக்கு இசை மருந்தாவதைக் குறிப்பிடுகிறது. அத்தனாசியஸ் கிர்ச்சர் 1641இல் வெளியிட்ட காந்தவியல் நூலில் இந்தச் சிகிச்சை மெட்டுகளை இசைக்குறிப்புகளாகவே அச்சிட்டார். ஆட்டத்தில் பெருகும் வியர்வையோடு விஷமும் வெளியேறும் என்ற விளக்கம் அக்கால மருத்துவத்துக்கு ஏற்புடையதாக இருந்தது. தரந்துலா எனப்படும் இவ்வட்டாரத்து ஓநாய்ச் சிலந்தியின் கடி பெரும் தீங்கு செய்வதில்லை. ஆனால் அங்கே வாழும் கருவிதவைச் சிலந்தி கடித்தால் வலியும் வியர்வையும் தசைப்பிடிப்பும் உண்டாகும். எனவே நோய் உண்மையானதே என்று வாதிடலாம். அறுவடை வயலில் அப்படிக் கடிபட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த வேதனை சில நாள்களில் அடங்கிவிடும். ஆடியவர்களுக்கோ ஆண்டுதோறும் கோடையில், ஜூன் 29 தூய பவுல் திருநாளை ஒட்டி, ‘கடி’ திரும்பி வந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பவுலின் காவல் பெற்றதாக நம்பப்பட்ட கலாத்தினா ஊருக்குள் இந்த நோய் தொற்றாது என்பதும் அப்பகுதி நம்பிக்கை. நாள்காட்டியும் ஊர் எல்லையும் பார்த்துச் செயல்படும் விஷம் எதுவும் கிடையாது.

அடுத்தது மனநோய் என்ற விடை. நேப்பிள்ஸ் மருத்துவர் பிரான்செஸ்கோ செராவோ 1742இல் சிலந்தியை விடுவித்து, அப்பகுதி மக்களின் சோர்வுற்ற மனநிலையே காரணம் என்றார். வெறும் நடிப்பு என்று தள்ளியவர்களும் உண்டு. நடிப்பு என்றால் அதற்கு ஆன செலவை விளக்க முடியாது: வாத்தியக்காரர்களுக்குக் கூலி கொடுக்க ஏழைக் குடும்பங்கள் கடன்பட்டன. மனநோய் என்றால், எல்லோரும் ஒரே வடிவத்தில் நோயுற்று ஒரே முறையில் குணமானது ஏன் என்ற கேள்வி எஞ்சும். மானுடவியலாளர் எர்னெஸ்டோ தெ மர்த்தீனோ 1959 கோடையில் மனநல மருத்துவர், உளவியலாளர், இசை ஆய்வாளர் அடங்கிய குழுவோடு சலெந்தோ சென்று இதையே ஆராய்ந்தார். 1961இல் வந்த அவருடைய நூல், கைகூடாத காதல், விரும்பாத திருமணம், உறவின் இழப்பு, வறுமை ஆகியவற்றால் வந்த நெருக்கடிகள் சிலந்தி என்ற உருவைப் பெற்று, குறித்த காலத்தில் இசையால் கரைக்கப்பட்டதைக் காட்டுகிறது. துன்பம் தனிமனிதருடையது; அதற்கு வடிவம் கொடுத்தது மரபு. நோயாளிக்கு ஏற்ற மெட்டும் வண்ணத்துணியும் கண்டறியும்வரை வாசித்துப் பார்த்தவர்கள், நர்தோ ஊர் நாவிதரும் வயலின் கலைஞருமான லூயிஜி ஸ்திஃபானி போன்றவர்கள்.

அருகிலுள்ள தரந்தோ நகரம் பண்டைய கிரேக்கக் குடியேற்றம்; ஆகவே இந்த ஆட்டம் கிரேக்கக் கடவுள் தியோனிசஸ் வழிபாட்டின் எச்சமே என்பது மூன்றாவது விடை. வெறியாட்டமும் பெண்களின் பங்கும் ஒத்திருப்பது மெய்தான். ஆயினும் இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியை இணைக்கும் ஆவணத் தொடர் இல்லை. தெ மர்த்தீனோவும் கிரேக்க ஒப்புமைகளை ஏற்றபடியே, சடங்கு தன் தனி வடிவத்தை இடைக்காலத்தில்தான் பெற்றது என்றார். பழைய பொருள் கைக்கு எட்டியிருக்கலாம். ஆனால் அதை எடுத்துப் பயன்படுத்தச் செய்த தேவை அந்தந்தக் காலத்து வயலிலும் வீட்டிலும்தான் பிறந்தது.

சடங்கின் பிற்கால வரலாறும் இந்த முடிவுக்கே துணை நிற்கிறது. திருச்சபை நோயாளிகளை வீட்டிலிருந்து கலாத்தினாவின் பவுல் சிற்றாலயத்துக்குத் திருப்பியது. வாத்தியமும் தாளமும் அனுமதிக்கப்படாத அந்த இடத்தில் ஆட்டம் ஒழுங்கிழந்து, கூச்சலும் துடிப்புமாகச் சிதறியதைத் தெ மர்த்தீனோ பதிவு செய்தார். பின்னர் நிலத்தோடு பிணைந்த பழைய வாழ்க்கை மாறியதும் சடங்கு மறைந்தது, சிலந்திகள் மறையவில்லை. 1998இல் தொடங்கப்பட்டு, ஆண்டுதோறும் சலெந்தோவின் மெல்பிஞ்ஞானோ ஊரில் நிறைவுபெறும் ‘தரந்தா இரவு’ விழாவில் இன்று பெருங்கூட்டம் பிட்சிகா ஆடுகிறது. அங்கே கடிபட்டவர் என்று எவரும் வருவதில்லை. ஆட ஒரு காரணம் காட்டவேண்டிய கட்டாயம் நீங்கியதும் சிலந்தியின் வேலையும் முடிந்தது.