எந்தப் பெயரின் கீழ்த் தேடுவது?

நூலகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன அடுக்கிவைக்கப்பட்ட நூல்களே. அந்நூல்களை நம் கையில் கொண்டுவந்து சேர்ப்பது எது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நெடுங்காலம் அப்பணியைச் செய்தவை சிறிய இழுப்பறைகளில் வரிசையாக நின்ற பட்டியல் அட்டைகள். இன்று அதனைப் பெரும்பாலும் கணினி செய்கிறது. அட்டையாயினும் கணினியாயினும் ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஒரு சொல் நிற்கும். அதனை நூலகத்தார் 'தலைப்பு' என்பர். நூலாசிரியரின் பெயரோ, ஓர் ஊரின் பெயரோ, நூல் பேசும் பொருளோ அவ்விடத்தைப் பெறும். வாசகர் தேடிவரும் சொல் வேறாகவும் பட்டியலில் நிற்கும் சொல் வேறாகவும் இருந்தால், நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததே.

ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருப்பதும் அவற்றை ஓரிடத்தில் தொகுப்பதும் தமிழர்க்குப் புதியன அல்ல. நம் நிகண்டுகள் செய்தது அதுவே. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுக்கப்பட்டது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைப் பெயரகராதி காட்டும். ஒரு பொருளுக்குரிய பல சொற்களைப் பொருளகராதி காட்டும். நூற்பட்டியல் ஆக்குவோர்க்கு இன்றும் உள்ள இரு சிக்கல்கள் இவையே.

அம்முனிவரின் பெயரே இதற்குத் தக்க சான்று. இத்தாலியில் பிறந்த பெஸ்கி, தைரியநாதர், வீரமாமுனிவர் ஆகிய மூவரும் ஒருவரே. மூன்று பெயர்களின் கீழும் அவர்தம் நூல்களைச் சிதறவிட்டால் தேம்பாவணியைக் கண்டவர் சதுரகராதியைக் காணாமல் போவார். ஆகவே நூலகத்தார் ஒரு பெயரைத் தலைப்பாகத் தெரிந்துகொண்டு, ஏனைய பெயர்களின் கீழ் 'பார்க்க' என்னும் சொல்லோடு வழிகாட்டும் பதிவுகளை வைத்தனர். எப்பெயரைச் சொல்லி வந்தவரையும் அப்பதிவு வெறுங்கையோடு அனுப்பாது.

எனினும் எப்பெயரைத் தலைப்பாக்குவது என்பதில் நீதியும் அடங்கியுள்ளது. மேலைநாட்டுப் பட்டியல்கள் குடும்பப் பெயரை முன்னிறுத்துவன. தமிழர்க்கோ குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கும். 1903-இல் விருதுநகரில் குமாரசாமியின் மகனாகப் பிறந்த காமராஜரை, 'காமராஜ் நாடார்' என்று ஆங்கில ஏடுகள் எழுதிய காலம் உண்டு. இறுதிச்சொல்லே குடும்பப் பெயர் என்று கொண்டால் அவர் 'நாடார்' என்னும் தலைப்பின் கீழ் அடங்குவார். மனிதர் மறைந்து சாதி முன்வரும். சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டுமெனச் செங்கற்பட்டு மாநாடு 1929-இல் தீர்மானித்த மண்ணில், பட்டியல் அட்டை அப்பட்டத்தை மீண்டும் சூட்டிவிடும்.

இதனை உணர்ந்தவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1934-இல் அவர் வெளியிட்ட பட்டியலாக்க விதிநூல், தென்னிந்தியப் பெயரின் இறுதிச்சொல் சாதியை மட்டும் குறிக்குமாயின் அதனைத் தனித்து முன்னிறுத்தாமல் இயற்பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும் என்றது. மேலை விதியை நம் பெயர்களின்மேல் சுமத்தாமல், நம் பெயர்களிலிருந்தே விதியைக் கண்டார் அவர்.

ஊர்ப்பெயரும் இவ்வாறே இடர் தரும். விருதுபட்டியாக இருந்த ஊர் 1923-இல் விருதுநகர் ஆயிற்று. 1985 வரை அஃது இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னர்க் காமராஜர் மாவட்டம் பிறந்தது. 1997 முதல் அது விருதுநகர் மாவட்டம் எனப்படுகிறது. மாநிலமும் 1969-இல் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. இப்பகுதியின் வரலாற்றை இன்று தேடும் மாணவர், பழைய பெயர்களை அறியாவிடில் பாதி வரலாற்றை இழப்பார்.

இவற்றினும் கடினமானது பொருள் தலைப்பு. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசி இளைஞர் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், அவற்றின் மேலொட்டும் வண்ணச் சீட்டுகளை அச்சிடும் அச்சுத்தொழிலும் வளர்ந்தன. உலகெங்கும் வழங்கும் டியூயியின் தசமப் பகுப்பில் பட்டாசுக்கு 662.1, தீக்குச்சிக்கு 662.5 என எண்கள் உண்டு. ஆனால் குச்சி அடுக்கிய சிறுவரைப் பற்றிய நூல் 331.31-இல், குழந்தைத் தொழிலாளர் என்னும் தலைப்பில் நிற்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்தைப் போன்றவை பற்றிய நூல் 363.11-இல், தொழிலிட ஆபத்துகளோடு நிற்கும். பட்டாசு ஓரிடத்திலும், அதைச் செய்த கைகள் வேறோர் அலமாரியிலும் இருக்க, தொழிலின் பெருமையைப் படிப்பவர் அதன் விலையைக் காணாமலே எழுந்து செல்லக்கூடும்.

இதற்கு அரங்கநாதன் ஒரு வழி சொன்னார். 1933-இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்புமுறை, ஒரு நூலின் பொருளை ஒரே பெட்டிக்குள் திணிக்காமல் அதன் பல முகங்களைத் தனித்தனியே கண்டு இணைப்பது. எத்தொழில், எச்சிக்கல், எவ்விடம், எக்காலம் என்பன அனைத்தும் ஓர் எண்ணுக்குள் இடம்பெறும். அந்த எண்ணின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் ஒரு பொருள் தலைப்பை எடுக்கும் சங்கிலி முறையையும் அவர் வகுத்தார். நூல் அலமாரியில் ஓரிடத்தில்தான் நிற்கும். ஆனால் தொழிலைத் தேடி வந்தவரும் சிறுவரைத் தேடி வந்தவரும் அதே நூலைச் சென்றடைவர். அவர் முயற்சியால் 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்திய மாநிலங்களிலேயே முதலாவது. நாம் செலுத்தும் சொத்துவரியோடு சேரும் நூலக வரி அச்சட்டத்தின் பயனே.

நம் பங்குகளிலும் விழா மலர்கள், சங்கங்களின் நினைவேடுகள், பழைய மாத இதழ்கள் பெட்டிகளில் கிடக்கின்றன. தீப்பெட்டி ஆலைக்குச் சென்ற குடும்பங்களைப் பற்றியும், வானம் பொய்த்த ஆண்டுகளைப் பற்றியும், அரசாங்க ஏடுகளில் இல்லாத செய்திகள் அவற்றில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எழுதி, ஊரின் பழைய பெயரும் புதிய பெயரும், அதில் பேசப்படும் மனிதரின் பெயரும், அவர் செய்த தொழிலும், ஆண்டும் குறித்துவைப்பது இளைஞர் சிலர் ஒரு கோடை விடுமுறையில் முடிக்கக்கூடிய பணி. அப்பதிவுகளை எழுதுகையில், வாணம், வெடி, பட்டாசு என மக்கள் எச்சொல்லைச் சொல்லித் தேடி வருவர் என்று எண்ணி, அச்சொற்கள் அனைத்தின் கீழும் 'பார்க்க' என்று ஒரு வரி சேர்த்துவிடுவோமாக.