இரண்டு திருவண்ணாமலை, ஒரே ஐபி எண்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள். தென்திருப்பதி என்று சொல்லி, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையம் வட்டாரமே திரண்டு வரும். ஆனால் வெளியூரில் போய்த் திருவண்ணாமலை என்றால் கிரிவலம் நடக்கும் அண்ணாமலையார் ஊரைத்தான் நினைப்பார்கள்.

ஒரே பெயரில் இப்படிப் பல ஊர்கள் இருப்பதாலும், முகவரிகள் பல மொழிகளில் எழுதப்படுவதாலும்தான் 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. அண்ணாமலையார் ஊருக்கு 606601, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 626125, ராஜபாளையத்துக்கு 626117. 626 என்று பார்த்ததுமே கடிதம் விருதுநகர் மாவட்டப் பக்கம் திரும்பிவிடும். கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும்.

23 ஆண்டு கழித்து, அதே ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அங்கும் பெயர் உண்டு, எண் உண்டு. பெயர் டொமைன், எண் ஐபி முகவரி. 'ஐபி என்பது கணினியின் வீட்டு முகவரி' என்று ஒரே வரியில் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். புதிதாகக் கற்பவர்களை அதிகம் குழப்புவது இந்த வரிதான் என்பேன். தபாலில் பெயர் இரட்டிக்கும், எண் இரட்டிக்காது. இணையத்தில் அப்படியே தலைகீழ்.

முதலில் பெயர். மாவட்ட நிர்வாகத்தின் தளம் திருவண்ணாமலை டாட் நிக் டாட் இன். அதே பெயரை அதே வரிசையில் இன்னொருவர் வாங்கவே முடியாது. பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. அதற்கு முன் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. டிஎன்எஸ் பெயரைப் பின்னாலிருந்து படிக்கும்: முதலில் இன், அடுத்து நிக், கடைசியில் திருவண்ணாமலை. கடிதம் பிரிப்பவரும் முகவரியை அடிவரியிலிருந்துதானே பார்க்கிறார்? வைஃபை முழுக்கோடு காட்டியும் பக்கம் திறக்காமல், 'டிஎன்எஸ் பதில் தரவில்லை' என்று வந்தால், எண்ணைத் தேடித் தரும் இந்த வேலை நின்றுபோயிருக்கிறது என்று பொருள். பாதை நன்றாகவே இருக்கலாம்.

இனி எண். செல்பேசியில் வைஃபை அமைப்பைத் திறந்து பாருங்கள். 192.168.1.5 என்பதுபோல் ஒன்று தெரியும். ராஜபாளையத்து வீட்டிலும் இது இருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையிலும் இருக்கும், டோக்கியோவிலும் இருக்கும். 192.168 என்று தொடங்கும் எண்கள் உள்ளுக்குள் மட்டும் புழங்க ஒதுக்கப்பட்டவை. அவற்றை நம் கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது ரவுட்டர். அந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். வெளியுலகுக்கு வீடு முழுக்க ஒரே பொது எண்தான். எந்தக் கருவி எதைக் கேட்டது என்பதை ரவுட்டர் போர்ட் எண்ணோடு குறித்துவைத்து, வரும் பதிலை உரிய கருவிக்கே திருப்பிவிடுகிறது. நாட் என்பது இதுதான்.

ஏன் இத்தனை சிக்கனம்? பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டுவிட்டன. ஐபிவி6 என்ற புதிய முறை உருவானதும் இந்தத் தட்டுப்பாட்டை எண்ணித்தான். ஜியோ போன்ற செல்பேசி வலைகள் இன்று பெரிதும் அதில்தான் ஓடுகின்றன.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பின்கோடு மண்ணோடு ஒட்டியது. ஐபி எண்ணோ இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு உரியது. இன்று நமக்கு, நாளை வேறொருவருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்திருப்பவரைச் சில தளங்கள் சென்னை என்று காட்டுவது இதனால்தான். இணையக் கடைகள் பொருளை அனுப்புமுன் 626125 என்று நம்மையே தட்டச்சு செய்யச் சொல்வதும் இதனால்தான்.