தோற்ற கொள்கையும் தேர்ந்த அளவையும்

மண்பாண்டத்தை விரலால் சுண்டிப் பார்த்து வாங்குவது நம்மவர் வழக்கம். விரிசல் கண்ணுக்குத் தப்பலாம்; காதுக்குத் தப்பாது. இவ்வெளிய அறிவே வளர்ந்து, உலோகத்தின் அணுக்கட்டை அளக்கும் அறிவியலாயிற்று. அவ்வளர்ச்சியின் பின்னே நெடிய கருத்துப் போர் ஒன்று உண்டு.

விசைக்கு உட்பட்டு உருமாறிய பொருள், விசை நீங்கியதும் பழைய வடிவத்தை எய்தும் இயல்பே மீட்சிமை. படிகங்களில் இது திசைக்குத் திசை வேறுபடும். அவ்வேறுபாட்டை முழுமையாக உரைக்க எத்தனை மாறிலிகள் வேண்டும்? அணுக்களை இணைக்கும் நேர்கோட்டின் வழியே மட்டும் விசைகள் இயங்குகின்றன என்று கொண்ட பிரெஞ்சு அறிஞர் கோஷியின் கொள்கைப்படி 15 போதும். மாவாலைக்காரரின் மைந்தராய்ப் பிறந்து கணித மேதையாய் உயர்ந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் கிரீனோ, ஆற்றலை அடிப்படையாகக் கொண்டு 21 வேண்டும் என்றார். அறுகோணப் படிகத்திற்கு, அதன் சமச்சீரின் பயனாய், கிரீன் வழியில் 5 மாறிலிகள். கோஷி வழியில் 3 மட்டுமே.

பல்லாண்டு நீடித்த இவ்வழக்கை வாதம் தீர்க்கவில்லை, அளவையே தீர்த்தது. ஜெர்மானிய அறிஞர் வோல்டெமார் ஃபோக்ட், படிகங்களினின்று வெட்டிய சிறு கோல்களை வளைத்தும் முறுக்கியும் 1880களில் செய்த ஆய்வுகள் கிரீனின் பக்கம் நின்றன.

பின்னர் வந்தது மீயொலி. தமிழ் மண்ணில் பிறந்த சி. வி. இராமன், நாகேந்திரநாத்துடன் இணைந்து, மீயொலி அலைகளால் ஒளி சிதறும் முறையை 1935இல் விளக்கினார். ஒளிபுகும் பொருள்களுக்கு அது நல்வழி. உலோகமோ ஒளியைப் புகவிடாது. 1940களில் உருவான துடிப்பெதிரொலி முறை அத்தடையை நீக்கியது. ஒலி சென்று மீளும் நேரத்தால் விரைவு தெரியும். விரைவின் இருமடியை அடர்த்தியால் பெருக்கினால் மாறிலி கிடைக்கும். அறுகோணப் படிகத்தின் அச்சின் வழியே இரண்டும், அதற்குச் செங்குத்தாக இரண்டும், சாய்வாக ஒன்றும் அளந்தால் ஐந்தும் கைவரும்.

இவ்வறிவு உலோகிடைச் சேர்மங்களுக்கு மிகவும் தேவை. மக்னீசியம் ஒரு பங்கும் துத்தநாகம் இரு பங்குமாக அணுக்கள் இணையும் அறுகோணச் சேர்மத்தின் அமைப்பை 1927இல் ஃபிரையாஃப் கண்டறிந்தார். அச்சேர்மமும் அதற்கு முன்னோடியான நுண்துகள்களுமே விமானங்களுக்குரிய வலிய அலுமினியக் கலவைகள் சிலவற்றிற்கு உறுதி தருகின்றன. எனினும், தனித்த நிலையில் அது எளிதில் நொறுங்கும்.

இத்தகைய சேர்மங்களை ஆராய்வோர்க்குக் கோஷியும் இன்று துணை நிற்கிறார். அவருடைய சமன்பாடுகளிலிருந்து ஒரு சேர்மம் எவ்வளவு, எத்திசையில் விலகுகிறது என்பதைக் கொண்டு, அதன் அணுப்பிணைப்பு எத்தகையது, அது நெகிழுமா நொறுங்குமா என்று மதிப்பிடுகின்றனர். தோற்ற கொள்கையே அளவுகோலாயிற்று. அறிவியலில் நேர்மையாக முன்வைக்கப்பட்ட கருத்து, பொய்த்த பின்னரும் பயன் தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.