டெக்சாஸில் ஓகே... நியூஜெர்சியில் ஜெயில்! அமெரிக்காவில் மாநிலம் மாறினால் துப்பாக்கி பெர்மிட் செல்லுமா?

2013 அக்டோபர். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண் பக்கத்து மாநிலமான நியூஜெர்சிக்குள் கார் ஓட்டிச் சென்றார். வழியில் போலீஸ் நிறுத்தியது. சாதாரண டிராஃபிக் சோதனைதான். 'என்கிட்ட துப்பாக்கி இருக்கு, மறைத்து எடுத்துச் செல்ல பெர்மிட்டும் இருக்கு' என்று அவரே முன்வந்து சொன்னார். பெர்மிட் ஒரிஜினல்தான். ஆனால் அது பென்சில்வேனியா கொடுத்தது. நியூஜெர்சியில் அதற்கு மதிப்பே இல்லை. அங்கேயே கைது!

நியூஜெர்சி சட்டப்படி பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் சென்றால் 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை. அதில் குறைந்தது மூன்றரை ஆண்டுகள் பரோலே கிடையாது. இந்த வழக்கு நாடு முழுக்கப் பேசப்பட்டதால் அந்தப் பெண் சிறைத் தண்டனையில் இருந்து தப்பினார். 2015 ஏப்ரலில் அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பும் வழங்கினார்.

இத்தனைக்கும் அவர் குடி மாறவில்லை. மாநில எல்லையைத் தாண்டினார், அவ்வளவுதான். அப்படியென்றால் வேலை மாறி, வீட்டையே காலி பண்ணிக்கொண்டு இன்னொரு மாநிலத்துக்குப் போகிறவர்கள் நிலைமை?

டிரைவிங் லைசென்ஸ் மாதிரி இல்லையா?

இல்லை. சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. டெக்சாஸில் வாங்கிய டிரைவிங் லைசென்ஸை வைத்து அமெரிக்காவில் எங்கும் கார் ஓட்டலாம். துப்பாக்கி பெர்மிட் அப்படி இல்லை. அது மாநில அரசு கொடுப்பது. இன்னொரு மாநிலம் அதை ஏற்பதும் ஏற்காததும் அந்த மாநிலத்தின் விருப்பம். 'உன் பெர்மிட்டை நான் மதிக்கிறேன், என் பெர்மிட்டை நீ மதி' என்று சில மாநிலங்கள் தங்களுக்குள் ஏற்பாடு வைத்திருக்கின்றன. நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா, இல்லினாய் போன்றவை அந்த ஏற்பாட்டிலேயே இல்லை.

இன்னொரு பக்கம், பெர்மிட்டே கேட்காத மாநிலங்கள் 29 இருக்கின்றன. டெக்சாஸ் 2021 செப்டம்பரிலும் ஃப்ளோரிடா 2023 ஜூலையிலும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதி இருந்தால் போதும், லைசென்ஸ் இல்லாமலேயே இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்லலாம். வெர்மான்ட் இன்னும் ஒரு படி மேலே. அங்கே பெர்மிட் தருகிற வழக்கமே இல்லை. அதனால் வெர்மான்ட்காரர் வேறு மாநிலத்துக்குப் போனால் 'எங்க ஊர் பெர்மிட்' என்று காட்டுவதற்குக்கூட கையில் ஒன்றும் இருக்காது.

அப்போ 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு?

இது பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிற விஷயம். வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்ல 'தனிப்பட்ட காரணம்' காட்ட வேண்டும் என்று நியூயார்க்கில் 100 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு விதி இருந்தது. அந்த விதி அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு, 'உனக்கு எதுக்குத் துப்பாக்கி?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டு எந்த மாநிலமும் விண்ணப்பத்தைத் தள்ள முடியாது.

ஆனால், ஒரு மாநிலத்தின் பெர்மிட்டை எல்லா மாநிலமும் ஏற்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. பயிற்சி, பின்னணி சோதனை, கைரேகை என்று நிபந்தனை போடும் அதிகாரம் மாநிலங்களிடமே இருக்கிறது. தீர்ப்பு வந்த சூட்டோடு நியூயார்க் புதுச் சட்டமே போட்டது. இப்போது அங்கே பெர்மிட் வாங்க 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரத் துப்பாக்கி சுடும் பயிற்சியும் கட்டாயம்.

குடி மாறினால் கணக்கே மாறும்

சுற்றுலா போகிறவருக்கும் குடியேறுகிறவருக்கும் சட்டம் ஒன்றல்ல. நான்கு நாள் டூர் வந்தவரின் பெர்மிட்டை ஏற்கும் மாநிலம்கூட, அவர் அங்கேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டால் 'இனிமே நீ எங்க ஆள், எங்க பெர்மிட்டை வாங்கு' என்று சொல்லலாம். ஃப்ளோரிடா சட்டத்தில் இதற்குத் தெளிவான கெடு இருக்கிறது. அங்கே நிரந்தரக் குடியிருப்பு ஏற்படுத்திக்கொண்ட நாளில் இருந்து பழைய மாநில லைசென்ஸ் 90 நாட்கள்தான் செல்லும். டெக்சாஸிலோ, லைசென்ஸ் வைத்திருப்பவர் முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும்.

இப்போது டெக்சாஸில் இருந்து நியூஜெர்சிக்கு வேலை மாறும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நம்ம ஆட்கள் அடிக்கடி போகிற ரூட்டும் இதுதான்.

கைத்துப்பாக்கியைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகலாம், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். குடியேறிய 60 நாட்களுக்குள் நியூஜெர்சியின் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டையை வாங்கி, துப்பாக்கியையும் பதிவு செய்ய வேண்டும். ஆனால் இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் தனி பெர்மிட் தேவை. அந்த விண்ணப்பத்துக்கு உறவினர் அல்லாத நான்கு பேர் நற்சான்று தர வேண்டும். அவர்கள் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது உங்களை அறிந்தவர்களாக இருக்க வேண்டும். போன மாதம்தான் ஊருக்கு வந்தவர் இந்த நாலு பேருக்குப் பழைய ஊர் நண்பர்களைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கும்!

அதோடு முடியவில்லை. முனையில் குழி உள்ள 'ஹாலோ பாயின்ட்' தோட்டாவை டெக்சாஸில் எந்தக் கடையிலும் வாங்கலாம், தற்காப்புக்குப் பெரும்பாலானோர் வைத்திருப்பதே அதுதான். நியூஜெர்சியில் அதை வீட்டில் வைத்திருக்கலாம், வெளியே எடுத்துச் செல்லத் தடை. 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்கோ வீட்டிலும் இடமில்லை, அதை வைத்திருப்பதே குற்றம். துப்பாக்கி சட்டப்படி சரியாக இருந்தும், அதற்குள் இருக்கும் மேகசினால் வழக்கு வரலாம்.

நியூயார்க் இதைவிடக் கறார். கைத்துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். அதனால் லைசென்ஸ் கைக்கு வரும் முன்பு சாமான்களோடு சேர்த்துக் கொண்டுபோகவே கூடாது. மாநிலத்தின் வேறு பகுதியில் வாங்கிய லைசென்ஸ், நியூயார்க் நகரத்துக்குள் தனி அனுமதி இல்லாமல் செல்லாது என்பது கூடுதல் தலைவலி. கலிஃபோர்னியாவில் புதிதாகக் குடியேறுகிறவர் 60 நாட்களுக்குள் தன் துப்பாக்கி விவரத்தை மாநில நீதித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

வழியில் மாட்டினால்?

நடுவில் வரும் மாநிலங்களைத் தாண்டிப் போக 1986 முதல் ஒரு ஃபெடரல் சட்டம் பாதுகாப்பு தருகிறது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி சட்டபூர்வமாக இருக்க வேண்டும். தோட்டாவை எடுத்துவிட வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாத இடத்தில், டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும், டேஷ்போர்டு அறையைப் பூட்டி வைத்தால் போதாது.

இந்தப் பாதுகாப்பை ரொம்ப நம்பிவிடவும் முடியாது. 2005இல் யூட்டாவில் இருந்து பென்சில்வேனியாவுக்குப் போன ஒருவர், நியூஜெர்சியின் நியூவார்க் விமான நிலையத்தில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். துப்பாக்கி இருந்த பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு ராத்திரி ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை அதே பெட்டியை விமான நிலையத்தில் முறைப்படி அறிவித்தபோது கைது செய்யப்பட்டார். பிறகு வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் அவர் நஷ்டஈடு கேட்டுப் போன வழக்கு 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. ஹோட்டலில் பெட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் ஃபெடரல் பாதுகாப்பு பொருந்தாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நடு மாநிலத்தில் ராத்திரி தங்குகிற மாதிரி பயணத் திட்டம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய வழக்கு இது.

பெர்மிட் கேட்காத மாநிலத்துக்குத்தானே போகிறோம் என்றும் அலட்சியமாக இருக்க முடியாது. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி எடுத்துச் செல்வது ஃபெடரல் குற்றம். அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த லைசென்ஸ் இருந்தால்தான் விலக்கு. ஊருக்குள் 1,000 அடிக்கு ஒரு பள்ளி வந்துவிடும். இதனால்தான் டெக்சாஸ், ஃப்ளோரிடா மாதிரி இடங்களில்கூட விவரம் தெரிந்தவர்கள் லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

விசாவில் இருக்கும் தமிழர்களுக்கு?

இங்கே ரொம்பக் கவனம் தேவை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அதிகபட்சம் 15 ஆண்டுகள் சிறை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. 'எங்க மாநிலத்துல பெர்மிட்டே வேணாம்' என்பது இவர்களுக்குப் பொருந்தாது. மாநிலம் விட்டாலும் ஃபெடரல் சட்டம் விடாது.

கிரீன் கார்டு இருந்தால் துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் குடியுரிமை உள்ளவருக்கும் இவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு வைத்திருப்பவரை நாடு கடத்த குடியேற்றச் சட்டத்தில் இடமுண்டு. ஒரு அமெரிக்கருக்கு அபராதத்தோடோ நன்னடத்தைக் காவலோடோ முடிகிற வழக்கு, இவருக்கு 20 வருட வாழ்க்கையையே முடித்துவிடலாம். அதனால் இப்படி ஒரு வழக்கு வந்தால், 'ஒத்துக்கிட்டா சின்ன தண்டனையோட விட்டுடுவாங்க' என்று கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கட்டாயம் கேட்க வேண்டும். கிரீன் கார்டோ விசாவோ, முகவரி மாறிய 10 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகனில் துப்பாக்கி இருப்பதை உடனே, கேட்காமலேயே சொல்ல வேண்டும். வேறு சில மாநிலங்களில் கேட்டால் சொன்னால் போதும். குடியேறப் போகும் மாநிலத்தின் போலீஸ் அல்லது அட்டர்னி ஜெனரல் இணையதளத்தில், கிளம்புகிற வாரத்தில் பார்ப்பதுதான் உத்தமம். யாரோ மூன்று வருஷம் முன்னாடி வாட்ஸ்அப்பில் அனுப்பிய மேப்பை நம்பக் கூடாது. விதிகள் அந்த அளவுக்கு மாறிக்கொண்டே இருக்கின்றன.

எல்லா மாநிலமும் எல்லா பெர்மிட்டையும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் நிறைவேறவில்லை. 2025இல் அதே யோசனை மீண்டும் மசோதாவாக வந்து, மார்ச் மாதம் சபையின் நீதித்துறைக் கமிட்டியைத் தாண்டியது. இது சட்டமானால்கூட 10 தோட்டா வரம்பு, துப்பாக்கிக்குத் தடை உள்ள இடங்கள் போன்றவற்றில் அந்தந்த மாநில விதிகளோடு மோதல் வரத்தான் செய்யும்.