காரின் பவர் விண்டோ: பழுதுகள் வழியே ஒரு வரலாறு

கார் கதவின் கண்ணாடியைப் பொத்தானை அழுத்தி ஏற்றி இறக்கும் அமைப்பே பவர் விண்டோ. மின்சன்னல் என்று தமிழில் சொல்லலாம். ஆனால் பட்டறையில் அந்தச் சொல் எடுபடாது. எனவே இங்கும் பவர் விண்டோ என்றே குறிப்பிடுகிறேன். இதன் வரலாற்றை, எந்தக் காலத்தில் எந்த உறுப்பு பழுதானது என்ற கோணத்தில் பார்த்தால், இன்று நம் காரில் கண்ணாடி ஏறாமல் நிற்பதற்கான காரணமும் விளங்கும்.

தொடக்ககாலக் கார்களில் கண்ணாடியை இழுத்து நிறுத்த ஒரு தோல்வார் இருந்தது. பழைய ரயில் பெட்டிகளிலும் இதே முறைதான். பிறகு கைப்பிடியைச் சுற்றும் முறை வந்தது. கைப்பிடி கதவுக்குள் இருக்கும் பற்சக்கரத்தைத் திருப்பும். கத்தரிக்கோல்போல் விரியும் இரும்புக் கைகள் கண்ணாடியைத் தூக்கும். இந்தத் தூக்கும் அமைப்புக்கு ரெகுலேட்டர் என்று பெயர். நம் நாட்டில் அம்பாசிடரில் பயணம் செய்தவர்கள் அந்தக் கைப்பிடியை மறந்திருக்க மாட்டார்கள்.

கைப்பிடிக்கு மாற்று, அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1940 இறுதியில் அறிமுகப்படுத்திய 1941 மாடல் 180 வரிசைக் கார்களில் வந்தது. அது முழு மின் அமைப்பு அன்று. ஒரு மின்மோட்டார் பம்பை இயக்கும். பம்பிலிருந்து குழாய்கள் வழியே ஒவ்வொரு கதவுக்கும் செல்லும் திரவத்தின் அழுத்தம் கண்ணாடியை நகர்த்தும். ஜெனரல் மோட்டார்ஸ் 1940களின் இறுதியில் மடக்குக் கூரைக் கார்களில் இத்தகைய அமைப்பைப் பயன்படுத்தியது. அதில் ஊற்றப்பட்டது பிரேக் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் சிலிண்டர் துருப்பிடிக்கும், கசியும். கசிந்த திரவம் பெயிண்டையும் அரிக்கும். கண்ணாடியை இறக்க வந்த வசதி கதவையே கெடுத்தது!

கிரைஸ்லர் நிறுவனம் 1951 இம்பீரியல் காரில் முழு மின் முறையைக் கொண்டுவந்தது. திரவமும் குழாயும் போயின. கதவுக்குள் மின்மோட்டார் வந்தது. இன்றைய கார்களிலும் அடிப்படை இதுதான். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். மோட்டாரின் முனையில் திருகாணி போன்ற புழுப்பல் இருக்கிறது. அது பற்சக்கரத்தைத் திருப்பும். பற்சக்கரத்தால் அதைத் திருப்ப இயலாது. அதனால்தான் நல்ல நிலையிலுள்ள கண்ணாடியைக் கையால் அழுத்தி இறக்க முடிவதில்லை. மோட்டார் செத்தால் கண்ணாடி நின்ற இடத்திலேயே நிற்பதற்கும் இதுவே காரணம்.

பழுது எங்கே என்று அறிய முதல் கருவி காதுதான். பொத்தானை அழுத்தும்போது மோட்டார் ஓசை கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால், பெரும்பாலும் ரெகுலேட்டரின் கம்பிவடம் அறுந்திருக்கும் அல்லது பிளாஸ்டிக் பிடிப்பு உடைந்திருக்கும். ஓசையே இல்லை என்றால் ஃபியூஸ், ஸ்விட்ச், வயர், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நான்கு கண்ணாடிகளும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டால் நான்கு மோட்டார்களும் சேர்ந்து கெட்டிருக்க வாய்ப்பில்லை, ஃபியூஸைப் பாருங்கள். பின்கதவுகள் மட்டும் தம் பொத்தானுக்கு அடங்காவிட்டால் ஓட்டுநர் பக்கத்துப் பூட்டுப் பொத்தான் அழுந்தியிருக்கலாம். பல கார்களில் மற்றக் கதவுகளுக்கான மின்சாரம் ஓட்டுநர் பக்கத்து ஸ்விட்ச் வழியாகவே போய்வருகிறது. இடப்பக்கக் கதவின் பழுதுக்கு வலப்பக்கத்தில் காரணம் இருப்பதும் உண்டு. கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையே ரப்பர் உறைக்குள் செல்லும் வயர்கள், கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைந்து நாளடைவில் அறுந்துபோகும். கதவைச் சற்று அசைத்தால் கண்ணாடி விட்டுவிட்டு இயங்குவது இதற்கு அடையாளம்.

கதவைப் பிரிப்பவர்கள் ஃபியூஸை எடுத்துவிட்டு, கண்ணாடிக்கு முட்டுக்கொடுத்த பிறகே உள்ளே கைவிட வேண்டும். சில ரெகுலேட்டர்களில் வலுவான சுருள்வில் உண்டு. மோட்டாரைக் கழற்றியதும் இரும்புக் கை வெட்டி இழுக்கும்.

இந்த வசதி உயிரையும் பறித்திருக்கிறது. தலையை வெளியே நீட்டி நிற்கும் குழந்தையின் முழங்கால் பொத்தானில் பட்டால் போதும், கண்ணாடி எழும்பிக் கழுத்தை நெரிக்கும். இதற்காக அமெரிக்காவின் 118ஆம் எண் பாதுகாப்புத் தரம் 1971 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சாவி அணைந்த நிலையில் கண்ணாடி ஏறக் கூடாது என்பது அதன் மையம். ஆனால் எஞ்சின் ஓடும்போது இந்த விதி உதவாது. ஆகவே பொத்தானின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தது. மேலே இழுத்தால் மட்டுமே கண்ணாடி ஏறும் வகையில் பொத்தான் அமைய வேண்டும் என்பதற்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. முதல் விதிக்கும் இதற்கும் இடையே 34 ஆண்டுகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தடையை உணர்ந்து தானே திரும்பும் கண்ணாடிகளுக்கு, 100 நியூட்டன் விசையைத் தாண்டுமுன் திரும்ப வேண்டும் என்பது வரம்பு. இது ஏறத்தாழ 10 கிலோ எடையின் அழுத்தம். இதிலிருந்தும் ஒரு புதுப் பழுது பிறந்தது. ரப்பர் பீடிங்கில் மண் சேர்ந்து உராய்வு கூடினால், அதைத் தடை என்று கருதி, பாதி ஏறிய கண்ணாடி கீழே இறங்கிவிடும். மோட்டாரை மாற்றுமுன் பீடிங்கைத் துடைத்துப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

எண்ணெய் விடுவதிலும் கவனம் தேவை. 2012 அக்டோபரில் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் சுமார் 74 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஓட்டுநர் பக்கத்து ஸ்விட்சில் கிரீஸ் சீராகப் பூசப்படாததே காரணம். ஸ்விட்ச் இறுகுகிறதே என்று கடையில் கிடைக்கும் எண்ணெயை விட்டால் அது உருகிப் புகையலாம், தீயும் பிடிக்கலாம் என்று நிறுவனம் எச்சரித்தது. 2015இல் அதே ஸ்விட்ச் தொடர்பாக மேலும் சுமார் 65 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.