என் பெயரில் நுழைந்தவர்கள்

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'மோ த பாஸ்' என்ற சொல்லுக்கு எங்கள் வாத்தியார் சொன்ன விளக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது. கோட்டை வாசலில் காவல் நிற்கும் சிப்பாயிடம் சொல்லிவிட்டு உள்ளே போகும் ரகசியச் சொல் அது. சிப்பாய் ஆளைப் பார்க்க மாட்டான், சொல்லை மட்டும்தான் கேட்பான். அந்தச் சொல்தான் பிற்பாடு கம்ப்யூட்டருக்கும் வந்தது. உத்தியோகத்தின் கடைசி வருடங்களில் எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதனால் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன். பட்ட பிறகுதான் இதன் பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டை ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் செய்தார்கள். அதற்கு சி.டி.எஸ்.எஸ். என்று பெயர். ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமலிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். இத்தனை மணி நேரம்தான் என்று பங்கும் வைத்தார்கள்.

ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் 4 மணி நேரம். அது அவருக்குப் போதவில்லை. கணக்கு எண்ணையும் கோப்பின் பெயரையும் துளை அட்டையில் குறித்துக் கொடுத்தால் அந்தக் கோப்பை அச்சிட்டு வைப்பது அங்கே வழக்கம். 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பின் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை விடியற்காலையில் போய்ப் பார்த்தால், அச்சான தாள் அலமாரியில் தயாராக இருந்தது!

பூட்டை உடைக்கவில்லை, சாவியைத் திருடவில்லை. எங்கள் ரெக்கார்டு ரூமில் சீட்டு போட்டால்தான் கோப்பு கிடைக்கும். சீட்டில் இருப்பது யார் கையெழுத்து, அவருக்கு அந்தக் கோப்பைப் பார்க்க அதிகாரம் உண்டா என்று ரெக்கார்டு கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பார். அங்கேயோ அச்சிடும் ஏற்பாட்டுக்கு எல்லாக் கோப்பையும் திறக்கும் உரிமை இருந்தது. கேட்பவருக்கு அந்த உரிமை உண்டா என்று மட்டும் அது பார்க்கவில்லை. பழியில் பங்கு கொடுக்கலாம் என்று ஷெர் அந்தப் பட்டியலை நண்பர்களுக்கும் கொடுத்தாராம். சுமார் 25 வருடம் கழித்துத்தான் உண்மையை ஒப்புக்கொண்டார்.

1966-ல் இன்னொரு கூத்து. கோப்புகளைத் திருத்தும் மென்பொருள், ஒரு சமயத்தில் ஒருவர்தான் திருத்துவார் என்று நம்பித் தற்காலிக நகலுக்கு ஒரே பெயரை வைத்திருந்தது. ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்த, அதே நேரத்தில் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்த, இரண்டும் இடம் மாறிவிட்டன. இரண்டு கிளார்க்குகள் ஒரே ராஃப் நோட்டில் எழுதிய மாதிரிதான். அதன்பின் உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக ஊர்க் கடவுச்சொல் முழுவதும் அச்சாகி வந்தது. அதுவும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு. எல்லோர் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடிந்தது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரோஜர் நீதம் அதே 1960-களில் வேறு வழி கண்டார். கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல், உருமாற்றி வைப்பது. அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாதல்லவா? கோப்பு வெளியே போனாலும் சொல் அப்படியே போகாது.

ஆனால் சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் எந்த நீதமும் காப்பாற்ற முடியாது. எங்கள் பிரிவில் அப்படித்தான் வைத்திருந்தோம். நான் லீவு போட்டால் பில் நிற்கக் கூடாது என்று சூப்பரிண்டெண்ட் சொன்னதால் வைத்தது. ஒருநாள் நான் லீவில் இருந்தபோது, ஒரே நிலுவை பில் என் பெயரில் இரண்டு தடவை ஏறிவிட்டது. மெமோ வந்தது. வருகைப் பதிவேட்டைக் காட்டினேன். "கம்ப்யூட்டர்ல உங்க பேர்தானே இருக்கு?" என்றார்கள். பணம் பெற்றவர் திருப்பிக் கட்டியதால் விஷயம் அடங்கியது. பதில் எழுதிய மூன்று இரவுகள் நான் தூங்கவில்லை.

ஓய்வு பெற்று எட்டு மாதம் கழித்து, பென்ஷன் விஷயமாக அங்கே போனேன். என் நாற்காலியில் இருந்த பையனின் திரையில், மேல் ஓரத்தில் என் பெயர்.

"என்ன தம்பி இது?"

"உங்க பேர்லதான் சார் இன்னும் ஓடிட்டிருக்கு. எனக்கு இன்னும் வரல."

அவனிடமே ஒரு தாள் வாங்கி, என் பெயரை நீக்கும்படி கடிதம் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். அந்த நகல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.